நடுவில் உட்கார்ந்தவன்

செவ்வாய்க்கிழமை என்றால் சைரோ.
அரெகிப்பாவில் கிழமையை நாங்கள்
சூப்பில் பார்க்கிறோம்.
நேற்று சாக்கே. வெள்ளியன்று இறால்.
எர்மெலிந்தாவின் கடையில் விலைப்பட்டியல் கிடையாது.
வாசலில் டாக்சியை நிறுத்தும்போதே
விறகுப் புகை சொல்லிவிடும்.

அன்று உள்ளே மின்வாரியத்தில் யாருக்கோ ஓய்வு விருந்து.
நான்கு மேசையையும் அடைத்துக்கொண்டு
கம்பம் ஏறிய கதைகள்.
வெள்ளைக் கல் சுவரோரம் ஒரே ஒரு நீள பெஞ்சு மிச்சம்.
இந்தக் கோடியில் ஒரு தொப்பி, அந்தக் கோடியில் ஒரு தொப்பி,
நடுவில் ஒரு மாடு படுக்கலாம்.

"அங்கே போய் உட்காரு."
அவள் இரண்டு கையிலும் ஆறு குவளை சிச்சா.
உட்கார்ந்தேன்.
இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன்.
இரண்டு தொப்பிக்குக் கீழேயும்
ஒரே மூக்கு.

சூப் ஆளுக்கொரு கிண்ணம், அதில் வம்பில்லை.
பிறகு ஒரு தாம்பாளம் வந்தது,
மூன்று முள்கரண்டியுடன்.
மாட்டுக் குடல் குழம்பு, பன்றி வறுவல்,
மொச்சையும் பாலாடைக்கட்டியும் பிசறிய சாலட்,
உருளைக்கிழங்கு அடுக்கு,
உச்சியில் ஒற்றை ரொக்கோட்டோ.
நாங்கள் ஒரு குடும்பமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
இரண்டு மூக்குகளும் அதையே சொல்ல வாயெடுத்தன.
அவள் அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூத்தவர் கரண்டி நுனியால் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.
இளையவர் அதை அரை அங்குலம் தள்ளிக் கிழித்தார்.
குழம்பு
எந்தத் தீர்ப்பையும் படித்ததில்லை போலும்,
இரண்டு கோட்டையும் தாண்டி ஓடிற்று.

பதினோரு வருஷ வழக்கு.
என் இடக் காதில் நிக்கானோர் சொன்னார்:
வாய்க்கால் அப்பா வெட்டியது, மடை என் பக்கம்.
வலக் காதில் எலோய் சொன்னார்:
வெட்டும்போது மண் சுமந்தது யார், கேளுங்கள்.
நான் கேட்கவில்லை.
பன்றி வறுவல் ஆறிக்கொண்டிருந்தது.

தட்டு காலியாகிவிட்டது,
ரொக்கோட்டோ மட்டும் நின்றது.
எடுத்தால் எடுத்தவன் பேராசைக்காரன்.
விட்டால் விட்டுக்கொடுத்தவன்.
இரண்டில் எது அவமானம் என்று
இரண்டு கரண்டிகளும் அந்தரத்தில் யோசித்தன.
சரி என்று நான் வாயில் போட்டேன்.

குடைமிளகாய்க்கு முகம்தான் அண்ணன் தம்பி.
உள்ளே கறுப்பு விதை.
சர்க்கரைத் தண்ணீரில் மூன்று முறை வேகவைத்துக்
காரம் இறக்குவார்கள்.
அன்றைய கூட்டத்தில் ஒருமுறைதான் நேரம் கிடைத்திருக்கும்.

கண்ணில் மிஸ்தி எரிமலை தெரிந்தது,
ஜன்னல் அந்தப் பக்கமே இல்லை.
"பால்!" என்று நிக்கானோர் துள்ளி எழுந்தார்.
பெஞ்சு அவர் பக்கம் வானுக்குப் போயிற்று.
வலக் கோடியில் இருந்த எலோய்
சிச்சாவும் தொப்பியும் நானுமாகத் தரையில்.
மின்வாரியம் கைதட்டியது.

நிக்கானோர் வந்து தம்பியின் காலரைப் பிடித்தார்,
அடிக்கப் பிடிக்கிற அதே பிடி.
தூக்கி நிறுத்தினார்.
முதுகில் ஒட்டிய மொச்சையை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.
வார்த்தை ஒன்றும் வரவில்லை.
என்னை யாரும் தூக்கவில்லை,
நானாக எழுந்தேன்.

சோம்புச் சாராயம் வந்தது, கணக்கு வந்தது.
எர்மெலிந்தா மூன்றாக வகுத்தாள்.
வெளியே இருவரும் தனித்தனியே டாக்சி தேடினார்கள்.
தெருவில் இருந்தது என்னுடையது ஒன்றுதான்.
சபாந்தியாவுக்குப் பன்னிரண்டு சோல் என்றேன்.
ஆளுக்கு ஐந்து என்றார்கள்,
ஒரே குரலில்.

அண்ணன் முன்னால், தம்பி பின்னால்.
வழி நெடுக என் நாக்கு மட்டும் ஏதோ முனகிற்று.
வாய்க்கால் பிரிகிற இடத்தில் எலோய் இறங்கினார்.
கதவை மூடவில்லை.
சோளக்காட்டைப் பார்த்தபடி நின்றார்.

"இன்றைக்கு முறை உன்னுடையது,"
என்றார் நிக்கானோர், கண்ணாடியைப் பார்த்து,
"ராத்திரி இரண்டு மணிக்கு."

"தெரியும்."

கதவு மூடியது.
மீதி இரண்டு சோலை நான் கேட்கவில்லை.